ஆறு எழுத்து, பென்சில் பி

செப்டம்பர் 2, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. சரவணம்பட்டியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். போன வருடத்து டைரி. விற்காமல் கிடந்ததோ என்னவோ. தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் பெயர், ஊர், தெரு, ரத்த வகை என்று கோடு போட்டிருக்கிறது. பெயரும் ரத்த வகையும் எழுதினேன். இளம்பரிதி. ஓ பாசிட்டிவ்.

வேலை இதுதான். வெளிநாட்டுக்காரர்கள் போனில் ஆட ஒரு சொல் விளையாட்டு. முதல் எழுத்தும், மொத்தம் எத்தனை எழுத்து என்பதும் திரையில் வரும். அந்தக் கணக்கில் அடங்கும் ஆங்கிலச் சொற்களை எல்லாம் ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்காகப் பட்டியலை நாங்கள் சலித்துக் கொடுக்கிறோம். ஒரு எழுத்து, ஒரு நீளம், அது ஒரு கட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொத்தான்: 'இருக்கட்டும்', 'நீக்கு'. இருக்கட்டும் என்றால் அந்தச் சொல்லை வைத்து ஒரு மாதிரி வாக்கியம் எழுத வேண்டும். நீக்கு என்றால் காரணம் எழுத வேண்டும்.

ஒரே கட்டை மூன்று பேருக்குக் கொடுப்பார்கள். மற்றவர் என்ன அழுத்தினார் என்று தெரியாது. இரண்டு பேர் ஒத்துப்போனால் அது சரி, மூன்றாவது ஆள் தப்பு. ஆக இந்த ஆபீஸில் சரி என்றால் இரண்டு பேர். மதிப்பெண் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போகக் கூடாது. மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் நவம்பர் 29 அன்று நிரந்தர ஆணை. இல்லாவிட்டால் ஊருக்கு பஸ்.

டீம் லீடர் பெயர் சுதர்சன். சிரித்துக்கொண்டே பேசுகிறார். என்னோடு அதே கட்டைச் சலிக்க இன்னும் இரண்டு பேர்: பொள்ளாச்சிப் பக்கத்து மௌலி, விழுப்புரத்துப் பொற்கொடி.

செப்டம்பர் 4

மௌலி தங்கியிருக்கும் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. "வாடா மாப்ள, எதுக்கு மேன்ஷன்ல போயி மூட்டப்பூச்சிகிட்ட கடிபடற" என்று கூட்டி வந்துவிட்டான். நல்லவன்தான். கேட்காமலே என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறான்.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியிலேயே நிறுத்தினார்.

"தம்பிக்கு எந்த ஊருங்?"

"திருக்கோவிலூர்ப் பக்கம். கீழ்ப்பூந்தைங்க."

"அங்க எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

அவருக்கு அது போதவில்லை. மௌலியைப் பார்த்தார். "எங்கூட வேல பாக்கறவனுங்க்கா" என்றான் மௌலி. அது போதுமாயிருந்தது. சாவி கிடைத்தது. மாட்டுக்கறி மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாதாம். சரிங்க என்றேன்.

டைரியைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். மௌலி எடுத்துப் படித்தாலும் படிப்பான். அதனால் சிலதை எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 11

ஜே-ஐந்து முடிந்தது. பக்கெட்டின் கைப்பிடி உடைந்தது. சட்டை காயவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சி-ஆறு. ஆறே எழுத்தில் நம் 'கூலி' வந்தது, ஆங்கில வேஷத்தில். விளையாட்டுக் கம்பெனி அனுப்பிய தடைப் பட்டியலில் அது இருக்கிறது. அமெரிக்காவிலோ ஆப்பிரிக்காவிலோ யார் மனதாவது புண்படுமாம். மூன்று பேரும் நீக்கு அழுத்தினோம், மூன்று பேருக்கும் மதிப்பெண்.

எங்கள் ரேஷன் கார்டில் அப்பாவின் தொழில் என்று அந்தச் சொல்தான் அச்சாகியிருக்கிறது. அதை நீக்க எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சுதர்சனைக் கேட்கலாம். சிரிப்பார்.

பொற்கொடி மட்டும் ஒன்று கேட்டாள். "சார், இந்தத் தடைப் பட்டியல் யாரு போட்டது?"

"க்ளையன்ட் போட்டதும்மா."

"இதுல இல்லாத அசிங்கமும் நம்ம ஊர்ல இருக்கே. அது வந்தா?"

"வந்தா ரெண்டு பேர் நீக்குன்னு சொல்லணும். அவ்ளோதான். டெமாக்ரசி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 26

மதியச் சாப்பாட்டில் மௌலி ஆரம்பித்தான். "இளம்பரிதின்னு பேர் வச்சா ஒண்ணுமே கண்டுபுடிக்க முடியறதில்லடா. உங்கப்பா என்ன, கட்சிக்காரரா?"

"தமிழ் வாத்தியார் ஒருத்தர் வச்ச பேரு."

"ஓ" என்றவன் பொற்கொடியின் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன ஆளுங்க?"

அவள் சொன்னாள். சோற்றை மென்றுகொண்டே, ஊர்ப்பெயர் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கொழம்பு வேணுமா? கருவாடு" என்று டப்பாவை நகர்த்தினாள்.

யாரும் எடுக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தது.

அக்டோபர் 1

சாப்பாட்டு மேசையில் இப்போதெல்லாம் பொற்கொடிக்கு எதிரே இரண்டு நாற்காலி காலி. திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. மௌலி ஜன்னல் பக்கம் மாறினான், காற்று வருகிறது என்று. நானும் ஜன்னல் பக்கம்தான். காற்று வருகிறது.

அக்டோபர் 9, புதன்

மூன்று நாளாகப் பென்சில் பி-ஆறு. ஆங்கிலத்தின் இரண்டு பி-யும் குழம்பாமலிருக்க ஆபீஸில் ஒன்றைப் பால் பி (பந்து), மற்றதைப் பென்சில் பி என்கிறோம். இன்று முடிந்தது. ஒன்றும் விசேஷமில்லை. தலைவலி.

அக்டோபர் 10

தோசையில் உப்பில்லை. செருப்பு வார் அறுந்தது. அப்பா போன் செய்தார், எடுக்கவில்லை. மௌலி பாட்டுப் போட்டான். அணைக்கச் சொல்லிக் கத்தினேன். "உனக்கு என்னடா ஆச்சு?" என்றான். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

பென்சில் பி-ஆறு அறிக்கை வந்துவிட்டது. எழுதாமல் தப்பிக்க முடியாது போலிருக்கிறது.

அந்தக் கட்டில் ஒரு சொல் இருந்தது. பேரியா. ஆங்கில அகராதியைத் தட்டினால் பொருள் வரும்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், தமிழிலிருந்து வந்தது, பறை அடிப்பவர் என்று. தமிழன் உலகத்துக்குக் கொடுத்த சொல். பெருமைப்படுபவர்கள் பட்டியல் போடும்போது மட்டும் இதை விட்டுவிடுவார்கள்.

தடைப் பட்டியலில் அது இல்லை. பக்கத்து நாற்காலியில் மௌலி. நீக்கு அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், காலைக் கூட்டத்தில் சுதர்சன் பெரிய டிவியில் போட்டு வாசிப்பார். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவனாவது கேட்பான்.

இருக்கட்டும் அழுத்தினேன். மாதிரி வாக்கியமும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது: 'உண்மையைச் சொன்ன நாளிலிருந்து நண்பர்கள் அவனைப் பேரியாவைப் போல நடத்தினார்கள்.'

மௌலியும் இருக்கட்டும். பொற்கொடி நீக்கு. இரண்டுக்கு ஒன்று.

காலைக் கூட்டத்தில் அவள் எழுதிய காரணத்தை டிவியில் போட்டார் சுதர்சன். 'இது எங்களைச் சொல்ற சொல்லு. திட்டுறதுக்குச் சொல்றது.'

"அகராதில பொதுவாத்தாம்மா இருக்கு. யாரையும் குறிச்சு இல்ல. பர்சனலா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"பர்சனல்தான் சார்."

"ரெண்டு பேர் இருக்கட்டும்னு சொல்லிருக்காங்களே."

அவள் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள். மௌலி தோளைக் குலுக்கினான். நான் என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அக்டோபர் 16

இந்த மாதத்தின் சிறந்த வாக்கியம் என்று என்னுடையதை அச்சடித்து, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே என் பெயர், நட்சத்திரத்தோடு. இலக்கணம் சுத்தமாம், இயல்பாக இருக்கிறதாம். புதிதாக வருபவர்களுக்கு இதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார்களாம்.

மௌலி முதுகில் தட்டினான். "ட்ரீட் எப்படா?"

பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

பொற்கொடியை அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை 92-க்குக் கீழே போனால் வெளியே, அதுதான் விதி. அவள் மதிப்பெண் 91.9.

அவள் சாப்பாட்டு டப்பா, நாற்காலியில் போடும் மெத்தை, ஒரு குடை. மூன்றையும் எடுத்துக்கொண்டாள். சுதர்சன் எல்லோருக்கும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டாள். வாசலுக்குப் போகும் வழியில் என் மேசை. "வரேங்க பரிதி" என்றாள்.

"ம்" என்றேன். இதுதான் நான் பேசியது. ம்.

91.9. பென்சில் பி-ஆறில் ஒரே ஒரு சொல் அவள் பக்கம் விழுந்திருந்தால் 92. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டர் பொய் சொல்லாது.

நவம்பர் 1, ஊரில்

பஸ் பெரிய தெருவோடு நின்றுவிடும். அங்கிருந்து ஏரிக்கரை வழியே இருபது நிமிட நடை. கரை முழுக்கச் சேறு. பேண்ட்டை மடித்துவிட்டு, ஸ்வீட் பாக்ஸைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்பா எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். "இங்கிலீஷ் கம்பெனி. இங்கிலீஷ்ல எது இருக்கணும் எது இருக்கக் கூடாதுன்னு இவந்தான் சொல்லணும்." ஒரு வகையில் தப்பில்லை.

சாப்பிடும்போது கேட்டார். "நம்ம பாஷ சொல்லு எதனா அதுல இருக்காடா?"

"இருக்குப்பா. கட்டுமரம் இருக்கு. மொளவுத்தண்ணி இருக்கு."

"மொளவுத்தண்ணியா?" சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "வெள்ளக்காரன் ரசத்தக்கூட உடலயா. வேற?"

"அவ்ளோதான்."

இன்னும் கொஞ்சம் கறி வைத்தார். தின்றேன். இங்கே என் தட்டில் இது என்ன கறி என்று யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 11, திங்கள்

மதியம் மொட்டைமாடிக்குப் போய்ப் பொற்கொடிக்குப் போன் செய்தேன். ஏன் என்று தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை. ஒரு வாரமாகக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆபீஸ் படியில் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறேன்.

"பரிதிங்க. ஆபீஸ்ல..."

"தெரியுது. சொல்லுங்க."

"எப்படி இருக்கீங்க?"

"அதுக்கா போன் பண்ணீங்க?"

"அந்தச் சொல்லுக்கு இருக்கட்டும் போட்டது நான்தாங்க."

"அதான் செவுத்துல ஒட்டியிருந்துச்சே, பேரு போட்டு. ரெண்டு வாரம் அதுக்கு நேரா உக்காந்துதான் சோறு தின்னேன்."

கீழே தெருவில் தண்ணீர் லாரி ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது.

"மௌலி அமுக்குனத நான் பெருசா எடுத்துக்கல. அவனுக்கு அது ஒரு வார்த்த. நீங்க அமுக்குனீங்க பாருங்க" என்றாள்.

"நான்னா?" இன்னும் நடித்தேன்.

"கீழ்ப்பூந்த தான உங்க ஊரு? பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லிக்கினு இருந்தீங்க. எங்க பெரியம்மாவ அங்கதான் குடுத்துருக்கு. ஏரிக்கரைக்கு அந்தாண்ட. அந்த ஊர்ல ஏதுங்க பஸ் ஸ்டாண்டு?"

"அப்ப உங்களுக்கு..."

"மொத வாரமே தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லலையே."

"நான் ஏன் சொல்லணும்? அது உங்க சமாச்சாரம்." பின்னால் குக்கர் விசிலடித்தது. "நீங்க என்னைத் திரும்பிப் பாக்காம போனதுகூட எனக்குப் புரிஞ்சிச்சு. பயம். எனக்கும் இருக்கு. ஆனா அந்தப் பொத்தான அமுக்கும்போது உங்கள யாரும் பாக்கலியே. அப்பயும் ஏன்?"

மொட்டைமாடிச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"அரிசி கொழைஞ்சிரும். வைக்கிறேன்."

நவம்பர் 13

மௌலியோடு சண்டை. காரணம்: பக்கெட்.

நவம்பர் 19, செவ்வாய்

மறுபரிசீலனைப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. முடிந்த கட்டில் தன் முடிவு தப்பு என்று ஒருவர் தானாகவே சொல்லலாம். கட்டு வெளிநாட்டுக்குப் போகும்வரைதான். பென்சில் பி-ஆறு போவது இந்த வெள்ளிக்கிழமை.

இதுவரை யாரும் அந்தப் படிவத்தைத் தொட்டதில்லை. விதியைப் படித்தால் ஏன் என்று தெரியும். தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டால் பத்துத் தப்புக்குச் சமமாகக் கழிப்பார்கள். உண்மை சொல்பவனுக்குப் பத்து மடங்கு. வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கு நட்சத்திரம், சுவரில் இடம்.

என் மதிப்பெண் இன்று 92.4. கழித்தால் 91.8. நிரந்தர ஆணைக்கு இன்னும் பத்து நாள்.

ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? அகராதியில் இருக்கும். பத்திரிகையில் இருக்கும். ஊரில் இருக்கும். பொற்கொடிக்கு வேலை திரும்பக் கிடைக்காது. எல்லாம் நியாயமான வாதங்கள். என் மனது வக்கீல் மாதிரி அடுக்குகிறது. சோறு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

நவம்பர் 21, வியாழன்

படிவத்தில் நாலு கட்டம். சொல். பழைய முடிவு. புதிய முடிவு. நாலாவது கட்டம், 'இந்தச் சொல் புண்படுத்தும் என்பதற்கு உங்கள் ஆதாரம்'. அதில் எழுத முடியாது, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்: அகராதி, இணையம், சொந்த அறிவு.

அகராதி என்று போட்டிருக்கலாம். இணையம் என்று போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. காலை பதினோரு மணிக்குத் திறந்த படிவம், மூன்றரை வரைக்கும் அப்படியே இருந்தது. நடுவில் இரண்டு முறை டீக்குப் போனேன். டீ மாஸ்டர், "ஏனுங், தனியா வந்திருக்கீங்?" என்றார்.

மூன்று முப்பத்தைந்துக்கு அனுப்பினேன்.

நவம்பர் 22, வெள்ளி

காலைக் கூட்டம். பதினாறு பேர். டிவியில் என் படிவம், என் பெயரோடு.

சுதர்சன் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பரிதி, ஆதாரத்துல சொந்த அறிவுன்னு வந்திருக்கே. தெரியாம கை பட்டுருச்சா? அகராதின்னு மாத்திடலாம். எனக்கு அந்த பர்மிஷன் இருக்கு."

நல்ல மனுஷர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். நுழைந்தால் போதும்.

"இல்ல சார். பாத்துதான் அமுக்குனேன்."

"சொந்த அறிவுன்னா..."

"சொந்த அறிவுதான் சார். எங்க ஊர்ல ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் எங்க வீடு. பெரிய தெருக்காரங்க என்னையும் எங்கப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. இங்கிலீஷ்ல இல்ல."

யாரோ இருமினார்கள். மௌலி தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றார் சுதர்சன். "ரெண்டு பேர் நீக்குன்னு ஆயிடுச்சு. நீக்கிடலாம்." அடுத்த விஷயத்துக்குப் போனார். எக்ஸ்-நான்கு.

நவம்பர் 23, சனி

பொற்கொடியின் மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டர் தானாகவே திருத்திவிட்டது. 92.0. வாழ்த்து மெயிலும் போயிருக்கிறது, மூடப்பட்டுவிட்ட அவளுடைய ஆபீஸ் முகவரிக்கு, நகல் எனக்கு. அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

'எனக்கு இப்ப வேற எடத்துல வேல கெடச்சிருச்சு. உங்களுக்கு?'

நவம்பர் 24, ஞாயிறு

முட்டைக் குழம்பு வைத்தேன். மௌலிக்குப் பிடிக்கும். "நான் வெளிய சாப்ட்டுட்டேன்டா" என்றான். அரைமணி நேரம் கழித்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

நவம்பர் 26

அதே. அவன் தட்டையும் டம்ளரையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறான். எலி வருகிறதாம்.

நவம்பர் 29, வெள்ளி

எட்டுப் பேருக்கு ஆணை. எனக்கு இல்லை. 91.8. "ரூல் ரூல்தான் பரிதி. என் கையில இருந்தா..." என்றார் சுதர்சன். கையில் என் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு சொன்னார்.

வெளியே வரும்போது சாப்பாட்டு மேசைப் பக்கம் போனேன். என் வாக்கியம் இன்னும் அங்கேதான் இருந்தது. சொல்லை நீக்கிவிட்டார்கள், சுவரை யாரும் பார்க்கவில்லை. கிழித்தேன். டேப்போடு சுண்ணாம்பும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஜன்னல் பக்கம் யாரும் தலை தூக்கவில்லை.

அறைக்கு வந்து பெட்டி கட்டினேன். வீட்டுக்கார அம்மா படியிலேயே, "நாளைக்குக் காத்தாலைக்குள்ள காலி பண்ணிருவீங்கல்ல?" என்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவருக்கு விஷயம் வந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

மௌலி கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"ஏன்டா மொதல்லயே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா ரூம்ல சேத்திருப்பியா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. கைப்பிடி உடைந்த பக்கெட், அது என்னுடையது. இருக்கட்டும்.

டைரியின் முதல் பக்கத்தில் இரண்டு கோடு காலியாக இருந்ததே. ஊர்: கீழ்ப்பூந்தை. தெரு: காலனி. எழுதிவிட்டேன். அவன் குளித்துவிட்டு வரும்போது கண்ணில் படும்படி டைரியைத் திறந்தபடியே மேசைமேல் வைக்கப் போகிறேன்.